நாற்பத்தோராம் சுற்று

"அந்தப் பொண்ணை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பணும் மேடம்."

வைத்தியலிங்கம் உட்காரக்கூட இல்லை. வாசலைத் தாண்டியதுமே சொல்லிவிட்டார்.

மெஹர்பானு நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தப் பொண்ணை?"

"அஞ்சுகம். சுருள் சுத்தற காண்ட்ராக்ட் ஆள்."

கையிலிருந்த கடிதத்தை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அறைந்தார்.

இருவரையும் பற்றி இரண்டு வார்த்தை.

வைத்தியலிங்கம் காந்தக்கூடத்தின் தலைமை வடிவமைப்பாளர். வயது ஐம்பத்துநான்கு. மெஹர்பானு கூடத்தின் இயக்குநர். வயது நாற்பத்துமூன்று. ஆனால் பெரிய காந்தம் ஒன்றை எரியாமல் காப்பாற்றும் வித்தையை வைத்தியலிங்கம் கற்றுக்கொண்டது மெஹர்பானுவிடம்தான். தன்னைவிடச் சின்னவர் முன்னால் ஆறு வருடம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. அந்த ஒரு காரணத்துக்காக எனக்கு அவரைப் பிடிக்கும்.

அன்றைக்குப் பிடிக்கவில்லை.

அணுவைவிடச் சின்னத் துகள்கள் மோதிச் சிதறுவதைப் பார்க்க எங்கோ ஒரு பெரிய டிடெக்டர் கட்டுகிறார்கள். அதன் நடுவில் நிற்க வேண்டிய காந்தச் சுருளைச் செய்து கொடுக்கும் பொறுப்பு மலையடிவாரத்திலிருந்த இந்தக் கூடத்துக்கு வந்திருந்தது. ஒரு லாரி உள்ளே நுழைந்து நிற்கலாம், அவ்வளவு பெரிய சுருள். திரவ ஹீலியத்தால் குளிரவைத்தால் அதன் கம்பியில் மின்தடை அறவே போய்விடும். பத்தாயிரம் ஆம்பியர் ஓடினாலும் துளிச் சூடு இராது.

ஆனால் கம்பி எங்காவது ஒரு விரற்கடை நீளத்துக்கு இம்மி நெகிழ்ந்து உரசினால் போதும். அந்த இடம் சூடாகும். சூடானால் மின்தடை வரும். மின்தடை வந்தால் இன்னும் சூடாகும். உடனே எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும். கூடத்தில் இதை 'காந்தம் விழுந்துவிட்டது' என்பார்கள்.

திங்கட்கிழமை விழுந்தது.

பத்தாயிரத்துக்கு ஏற வேண்டியது ஆறாயிரத்திலேயே விழுந்தது. மூன்று முறை ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று முறையும் அதே ஆறாயிரம், அதே இடம். இரண்டாம் அடுக்கில் நாற்பத்தோராம் சுற்று.

வெள்ளிக்கிழமை மேற்பார்வைக் குழு வருகிறது. குழுத் தலைவர் போனிலேயே கேட்டுவிட்டார்.

"யாரால ஆச்சு? எனக்கு ஒரு பேர் வேணும்."

எதனால் ஆயிற்று என்று கேட்கவில்லை. யாரால் என்று கேட்டார். இப்படிக் கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வைத்தியலிங்கம் கணினியில் தேடினார். நாற்பத்தோராம் சுற்றைச் சுற்றியது அஞ்சுகம்.

பெயர் கிடைத்துவிட்டது.

மெஹர்பானு கடிதத்தை நிதானமாகப் படித்தார். கவனக்குறைவு, பொறுப்பின்மை, ஒப்பந்தத்தை உடனே முறித்தல், இனி எப்பணிக்கும் எடுத்துக்கொள்ளாதிருத்தல். ஓர் ஆளை ஒழித்துக்கட்ட அலுவலக மொழியில் என்னென்ன உண்டோ எல்லாம் அதில் இருந்தன.

"இனி எப்பணிக்கும்னா?"

"இந்த லைன்ல யாருமே எடுக்க மாட்டாங்க மேடம்."

"அவங்களுக்கு வேற என்ன வேலை தெரியும்?"

"அது என் கவலை இல்ல."

அஞ்சுகத்துக்கு வேறு வேலை தெரியாது. கோவையில் பம்புசெட் மோட்டாருக்குப் பதினான்கு வருடம் சுருள் சுற்றியவர். அப்படிப்பட்ட கைதான் வேண்டும் என்று பட்டறை பட்டறையாகத் தேடிப்போய்க் கண்டுபிடித்து, கெஞ்சி அழைத்து வந்தார்கள். கெஞ்சியவர் வேறு யாருமில்லை, இதே வைத்தியலிங்கம்தான்.

"பதினோரு வருஷம் மேடம்!" அவர் குரல் உடைந்தது. "என் பொண்ணு கல்யாணத்துக்கே நாலு நாள்தான் லீவு போட்டேன். சோறு தண்ணி பார்க்காம இந்த ஒரு சுருளை வரைஞ்சேன். அவ ஒரு நாள் அசந்துபோனதுல எல்லாம் நாசமாப் போச்சு. எனக்கு வயிறு எரியுது."

"எரியத்தான் செய்யும்" என்றார் மெஹர்பானு.

வைத்தியலிங்கம் சற்றே தணிந்தார்.

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

"போடறேன். அதுக்கு முன்னாடி நீங்க எனக்கு ஒரு கையெழுத்துப் போடணும்."

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து நான்கு வரி எழுதினார். நீட்டினார்.

'நாளைக் காலை பத்து மணிக்குக் காந்தத்தை நான்காம் முறை ஏற்றுகிறோம். அதற்கு முன் சுருளில் ஒட்டியுள்ள ஹீட்டர்கள் அனைத்தின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். மின்சாரத்தை வெளியே வடிக்கும் சுவிட்சையும் பூட்டிவிட வேண்டும். தவறு செய்யும் சுற்று தன் சூட்டைத் தானே தாங்கட்டும்.'

வைத்தியலிங்கம் இரண்டு முறை படித்தார்.

"என்ன மேடம் இது?"

"உத்தரவு."

"விளையாடறீங்களா?"

"நீங்க விளையாட்டுக்கா கடிதம் கொண்டாந்தீங்க?"

ஹீட்டர்கள் என்பவை சுருளின் மேல் நெடுக ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைகள். காந்தம் விழத் தொடங்கியதும் அவை தாமாகச் சூடேறும். விழுவது ஒரு விரற்கடைதான். ஆனாலும் அவை எல்லாச் சுற்றுகளையும் ஒரேயடியாகச் சூடாக்கிவிடும். ஏன் அப்படி என்பதை முதல் நாள் பாடமாக நடத்தியவரே மெஹர்பானு. அவரே இப்போது கழற்றச் சொல்கிறார்.

"முடியாது" என்றார் வைத்தியலிங்கம்.

"ஏன்?"

"ஏனா? நீங்க கேக்கற கேள்வியா இது? நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற எவனையும் போட விடவும் மாட்டேன்."

"ஒரே ஒரு சுற்றுதானே சார் தப்புப் பண்ணுது? மத்த சுற்றெல்லாம் என்ன பாவம் பண்ணிச்சு? அதுங்களை எதுக்குச் சூடாக்கணும்? அநியாயம் இல்லையா?"

"அநியாயமா!"

வெளி அறையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மேடம், அந்தச் சுருளுக்குள்ள இருக்கறது வேகமா ஓடற ஒரு ரயிலோட சக்தி. காந்தம் விழுந்தா அது எங்கேயாவது இறங்கித்தான் ஆகணும். எல்லாச் சுற்றும் பங்கு போட்டுக்கிட்டா ஒண்ணுமே ஆகாது. அப்பக்கூட சுருள் ஐஸைவிடக் குளிர்ச்சியாத்தான் இருக்கும். அத்தனையையும் ஒத்தைச் சுற்று மேல விட்டா? உருகி ஊத்திரும். அது போனா அது மட்டுமா போகும்? நடுவுல ஓட்டை விழுந்த சுருளை வெச்சுக்கிட்டு யாரு என்ன பண்றது? மொத்தமும் குப்பை!"

"தப்புப் பண்ணினது அதுதானே?"

"எது தப்புன்னு அப்புறம் உட்கார்ந்து பார்த்துக்கலாம் மேடம்! முதல்ல சூட்டைப் பரப்பணும். ஒருத்தர் தலையில கொட்டிட்டு மத்தவங்க வேடிக்கை பார்க்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்க..."

நின்றுவிட்டார்.

மேசைமேல் இரண்டு தாள்கள் கிடந்தன. மெஹர்பானு இரண்டையும் அருகருகே நகர்த்தினார். பேனாவின் மூடியைத் திறந்து, பேனாவை அவர் பக்கமாக வைத்தார்.

வைத்தியலிங்கம் அதைத் தொடவில்லை.

நல்ல மாணவர்கள் அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்வதில்லை. வைத்தியலிங்கம் நல்ல மாணவர். தலையை ஆட்டினார்.

"இல்ல மேடம். இது செல்லாது. கம்பி வேற, மனுஷி வேற."

"எப்படி?"

"கம்பிக்கு ஒண்ணும் தெரியாது. அதும்மேல குத்தம் சொல்ல முடியாது. அவளுக்குக் கண்ணு இருக்கு, கை இருக்கு, வாய் இருக்கு. கம்பியை இழுத்துப் பிடிக்கற மிஷின்ல இழுவை குறைஞ்சா வாயைத் திறந்து சொல்லியிருக்கணும் இல்லையா? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போமே!"

கேட்டது நியாயமான கேள்வி. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மெஹர்பானுவும் ஒப்புக்கொண்டார்போல் தலையசைத்தார்.

"கம்பி விழறதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லுமா சார்?"

"சொல்லும். துளி வோல்டேஜ் காட்டும். மில்லிவோல்ட் கணக்குல."

"நமக்கு அது எவ்வளவு நேரத்துல கேக்கும்?"

"பத்துல ஒரு பங்கு செகண்டுல." அந்தக் கோபத்திலும் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. அது அவர் வடிவமைத்த ஏற்பாடு.

"சுத்தற பதிவேடு எங்கே இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு மேடம். நான் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"அது இல்ல. கையால எழுதினது."

"கீழே. கூடத்துல."

"வாங்க."

கீழே அஞ்சுகம் சுற்றும் எந்திரத்தின் உருளைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அவருக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. யாரும் அவரிடம் பேசவுமில்லை. கொடுக்காத வேலையை அவரே எடுத்துச் செய்துகொண்டிருந்தார்.

இருவரும் வருவதைப் பார்த்ததும் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க சார், சீட்டைக் கிழிச்சாச்சுங்களா?"

வைத்தியலிங்கம் எந்திரத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"கிழிக்கறதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டுக் கிழிங்க. மூணு நாளா ஒருத்தரும் ஏன்னு கேக்கலீங்க. எனக்கென்ன தொத்து வியாதியா புடிச்சிருக்குது?"

"பதிவேட்டைக் கொஞ்சம் எடுங்கம்மா" என்றார் மெஹர்பானு.

அஞ்சுகம் எடுத்து வந்தார். தடித்த நோட்டு, எண்ணெய்க் கறை படிந்த அட்டை. ஒரு சுற்றுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் இழுவை சரியா என்று கேட்கும் கட்டம் ஒன்று. மீட்டர் காட்டுவது வரம்புக்குள் இருந்தால் அதில் டிக் போட வேண்டும். அந்தப் படிவத்தை வடிவமைத்தவரும் வைத்தியலிங்கம்தான்.

நாற்பத்தோராம் வரியில் டிக் இருந்தது.

"பார்த்தீங்களா மேடம்? சரின்னு டிக் போட்டிருக்கா."

"ஓரத்துல பாருங்க" என்று மெஹர்பானு விரல் வைத்துக் காட்டினார்.

கட்டங்கள் முடிந்த இடத்தில், அட்டையோடு தாளைத் தைத்திருந்த ஓரத்தில், பென்சிலால் பொடி எழுத்தில் இருந்தது.

'மீட்டர் சரிங்குது. கைக்கு நெகிழுது. சொன்னேன்.'

வைத்தியலிங்கம் குனிந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கணினியில் ஏற்றியபோது டிக்கை மட்டும்தான் ஏற்றியிருந்தார்கள். ஓரத்தில் எழுதியதை ஏற்ற அங்கே கட்டமில்லை.

"சொன்னேன்னு எழுதியிருக்கே. யாருகிட்ட சொன்னே?"

அஞ்சுகம் அவரை நேராகப் பார்த்தார்.

"உங்ககிட்டத்தானுங்க சார்."

"என்கிட்டயா? எப்ப?"

"ஆடிப் பதினெட்டு அன்னைக்குங்க. கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு வெளிநாட்டுக்காரங்க நாலு பேத்தைக் கூட்டிக்கிட்டு வந்தீங்க. கம்பி நெகிழுதுங்க, நிறுத்தட்டுங்களான்னு கேட்டேன். அவங்க முன்னாடி நிறுத்தாதே, மீட்டர் சரியாத்தானே காட்டுது, ஓட்டுன்னீங்க. ஓட்டுனனுங்க."

மூச்சு வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண்கள் கலங்கின. ஆனால் குரல் இறங்கவில்லை.

"பதினாலு வருசம் கம்பி புடிச்ச கைக்குத் தெரியாததா அந்த டப்பாவுக்குத் தெரியும்? கம்பி முணுமுணுத்தா ஓடி வந்து கேக்கறீங்க. பக்கத்துல நின்னு மனுசி கத்துனா உங்க காதுல உளுகறதில்லீங்களே சார், அது என்னத்துக்குங்க?"

வைத்தியலிங்கத்துக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஆடி வெக்கையில் கோட்டுக்குள் முதுகு நனைந்தது நினைவிருந்தது. விருந்தினர்களில் ஒருவர் சுருளைத் தட்டிப் பார்த்து மெச்சியது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் என்னவோ கேட்டதும், தான் திரும்பாமலே 'ஓட்டு' என்று கையை அசைத்ததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தன.

நோட்டை மூடி அஞ்சுகத்திடம் நீட்டினார்.

பிறகு மெஹர்பானு பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுருங்க மேடம். புதுசா எழுதித் தரேன். இவங்க பேருக்குப் பதிலா என் பேரு."

அப்போதுதான் மெஹர்பானுவுக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க அடக்கி வைத்திருந்தது.

"ஆறு வருஷம் என்னத்தைப் படிச்சீங்க? ஓட்டையை நாற்பத்தொண்ணுலேருந்து எடுத்து நாற்பத்திரண்டுல போடறீங்களே!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டார்.

வைத்தியலிங்கம் மறுநாள் முழுக்க அறைக்குள் உட்கார்ந்து எழுதினார். நடுநடுவே எழுந்து போய் யாரையாவது ஏதாவது கேட்டார். அந்த மீட்டரைக் கடைசியாக யார் சோதித்தது, எப்போது? பதிவேட்டைக் கணினியில் ஏற்றச் சொன்னது யார்? ஓரத்தை விடச் சொன்னது யார்? சிலர் பதில் சொன்னார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் சங்கத்தில் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கொடுங்கள், அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் வைத்தியலிங்கம்.

வியாழக்கிழமை மாலை அஞ்சுகம் அவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"அறிக்கையில என்ற பேரு இருக்குதுங்களா?"

"இல்ல. கவலைப்படாதீங்க. உங்க பேரை எடுத்துட்டேன்."

"எதுக்குங்க எடுத்தீங்க?"

வைத்தியலிங்கம் விழித்தார்.

"நெகிழுதுன்னு தெரிஞ்சும் சுத்துனது நானுங்க. கையை எடுத்திருக்கோணும், எடுக்கலீங்க. எடுத்திருந்தா என்ன, தலையையா வாங்கியிருப்பீங்க? என்ற பேரைப் போடுங்க சார். நீங்களா பார்த்துப் போடறதுக்கும் எடுக்கறதுக்கும் நானென்ன உங்க ஊட்டுக் கொடியில காயற துணியா?"

போட்டார்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. ஏழு பேர். காபி வந்தது. வைத்தியலிங்கம் எழுந்து நின்று அறிக்கையைப் படித்தார். சுருள் ஐந்து பகுதிகளால் ஆனது. கெட்டுப்போன பகுதியை மட்டும் புதிதாகச் சுற்றிப் பொருத்த எட்டு மாதம் ஆகும். சுற்றப்போவது அஞ்சுகம். இழுவை சரியா தவறா என்பதை இனிமேல் மீட்டரும் சொல்லும், அவர் கையும் சொல்லும். இரண்டில் எது வேண்டாம் என்றாலும் எந்திரம் நிற்கும்.

குழுத் தலைவர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். நான் கேட்டது பேர்."

"இருக்கு சார்."

வைத்தியலிங்கம் தாளைத் திருப்பினார். படிக்க ஆரம்பித்தார். முதலில் தன் பெயர், தான் சொன்ன வார்த்தை, சொன்ன தேதி. அடுத்து இயக்குநர் மெஹர்பானு, சோதிக்காத மீட்டருக்குக் கையெழுத்துப் போட்டது. மெஹர்பானு ஆமாம் என்று தலையசைத்தார். அடுத்து மீட்டரைச் சோதித்ததாக எழுதிவிட்டுச் சோதிக்காதவர். அடுத்து டிக்கை மட்டும் ஏற்றச் சொன்னவர். ஏற்றியவர். சரிபார்த்தவர். அஞ்சுகம். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் தன் பெயரைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இருபத்துமூன்றாவது பெயர் குழுத் தலைவருடையது. விருந்தினர் வரும் நேரத்தில் எந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் நின்றிருக்கக் கூடாது என்று கடிதம் எழுதியவர் அவர்.

குழுத் தலைவர் மேசையை ஓங்கித் தட்டினார். காபி சிந்தியது.

"என்னய்யா கூத்து இது! ஒரே ஒரு சுற்று விழுந்ததுக்கு இத்தனை பேரா?"

"ஆமா சார்" என்றார் வைத்தியலிங்கம். "அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்கோம்."